'சூப்பர்' என்று சொன்ன பிறகு என்ன சொல்வது?

ஒருவர் தான் எடுத்த படத்தைக் காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்டால் நம்மிடம் தயாராக இருக்கும் பதில்கள் மூன்றோ நான்கோதான். சூப்பர். செம கலர். கொஞ்சம் ஷார்ப்பா இல்லையோ? ரூல் ஆஃப் தேர்ட்ஸ் (படத்தை மூன்று மூன்று பங்காகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோடுகளில் வைக்கும் விதி) பார்த்து வெச்சிருக்கலாம். இவற்றில் எதைச் சொன்னாலும், கேட்டவர் அடுத்த முறை கேமராவைத் தூக்கும்போது புதிதாக எதையும் செய்யப் போவதில்லை. 'ஷார்ப்பா இல்லை' என்று கேள்விப்பட்டவர் என்ன செய்வார்? புது லென்ஸ் தேடுவார். பழைய லென்ஸில் ஒரு கோளாறும் இருந்திருக்காது. ஷட்டர் வேகம் 1/30-ல் (நொடியில் முப்பதில் ஒரு பங்கு, கை ஆடிவிடும் அளவுக்கு மெதுவானது) நின்றிருக்கும், அவ்வளவுதான்.

ஒரு கருத்து தேறுமா தேறாதா என்று பார்க்க ஒரு கேள்வி போதும். இதைக் கேட்டவர் நாளைக்கு அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் போய் நின்றால், காலையோ கையையோ வேறு விதமாக நகர்த்துவாரா? நகர்த்துவார் என்றால் சொல்லலாம். இல்லையென்றால் அது நம் ரசனையைப் பற்றிய தகவல் மட்டுமே.

அப்படி ஒரு கருத்து சொல்ல மூன்று விஷயம் வேண்டும்: படத்தில் கண்ணுக்குத் தெரிவது, அதற்கான காரணம், அதை மாற்ற ஒரு வழி. பெரும்பாலானவர்கள் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். கொஞ்சம் தெரிந்தவர்கள் நேராக மூன்றாவதுக்குத் தாவி "எஃப்/8 வெச்சு எடுங்க" என்கிறார்கள் (எஃப் எண் என்பது அப்பர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையின் அளவு; எண் பெரிதானால் துளை சிறிது). நடுவில் இருக்கும் காரணம்தான் கற்றுக்கொள்கிறவருக்கு மிஞ்சும். அது தெரிந்துவிட்டால் மற்ற இரண்டையும் அவரே கண்டுபிடித்துக்கொள்வார்.

பார்ப்பதற்கு முன்

முதலில் எந்தத் திரையில் பார்க்கிறோம் என்று கவனிக்க வேண்டும். இரவு நேரத்தில் போனில் நீல ஒளியைக் குறைக்கும் வசதி ஓடிக்கொண்டிருக்கும். அந்தத் திரையில் எந்தப் படமும் மஞ்சளடித்துத்தான் தெரியும். அதைப் பார்த்து "ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சரிசெய்தல்) தப்பு" என்று சொன்னால் தப்பு நம்முடையது. வெளிச்சத்தைக் கடைசி வரை குறைத்து வைத்த திரையில் எல்லாப் படமும் இருட்டு. அந்த நீல ஒளி வசதியை அணைத்துவிட்டுப் பாருங்கள், திரையை நடுத்தர வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, எந்தக் கோப்பைப் பார்க்கிறோம் என்பது. மெசேஜ் செயலி வழியாக வரும் படம் சுருக்கப்பட்டுத்தான் வரும். அதில் தெரியும் கட்டம் கட்டமான வானம், மெழுகு பூசினாற்போன்ற தோல் எல்லாம் எடுத்தவரின் தவறா, சுருக்கத்தின் வேலையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதே செயலியில் ஆவணமாக அனுப்பச் சொன்னால் மூலக் கோப்பு அப்படியே வரும். கூடவே கேமரா படத்தோடு பதிந்துவைக்கும் எக்ஸிஃப் தகவலும் வரும்: ஷட்டர் வேகம், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்), குவியத் தூரம் (லென்ஸின் மி.மீ. எண்), எடுத்த நேரம். இந்த ஐந்து எண்களும் கையில் இல்லாமல் தொழில்நுட்பக் கருத்து சொல்வது, நாடி பிடிக்காமல் மருந்து எழுதுவது.

படத்தை மூன்று அளவில் பாருங்கள். கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி ஒரு முறை: அப்போது விவரம் எல்லாம் போய் வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும், படத்தின் எலும்புக்கூடு தெரியும். திரை முழுக்க ஒரு முறை. தீர்ப்பு இந்த அளவில்தான். பிறகு 100 சதவீதத்தில் ஒரு முறை. இந்தக் கடைசிப் பார்வை காரணம் தேட மட்டும்தான். 24 மெகாபிக்சல் படத்தின் அகலம் 6000 பிக்சல். சாதாரண மானிட்டரில் அதை 100 சதவீதத்தில் பார்ப்பது, ஒன்றரை மீட்டர் அகலப் போஸ்டரை ஒன்றரை அடி தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அங்கே எந்தப் படத்திலும் குறை கிடைக்கும். அந்தக் குறையைப் பெரிதாக்கி ஒருவரை நோகடிக்கக் கூடாது.

திரை முழுக்கப் பார்க்கும்போது ஒரு அரை நிமிடம் வாயைத் திறக்காமல் இருங்கள். கண் முதலில் எங்கே போனது, பிறகு எங்கே போனது, எங்கே போய் மாட்டிக்கொண்டது என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். அந்த வழித்தடம்தான் நீங்கள் கொடுக்கப்போகும் மிகப் பெரிய உதவி. எடுத்தவர் அந்த இடத்தில் நின்றவர். குழந்தையின் சிரிப்பைப் பார்த்துத்தான் அழுத்தினார். அவர் கண்ணுக்கு அந்தச் சிரிப்பு இன்னும் தெரிந்துகொண்டே இருக்கும். பின்னால் தொங்கும் சிவப்புத் துண்டு அவருக்குத் தெரியவே தெரியாது. புதிதாகப் பார்க்கும் கண் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் முதல் அரை நிமிடத்துக்கு மட்டும்.

மங்கல் ஒன்றல்ல, ஐந்து

'ஷார்ப்பா இல்லை' என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஐந்து கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

கை ஆட்டம்: படத்தில் இருக்கும் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருக்கும். விளக்கு, பளபளக்கும் பொத்தான், கண்ணில் தெரியும் வெளிச்சப் புள்ளி போன்ற சின்னஞ்சிறு ஒளிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளியாக இருக்க வேண்டியது எல்லா மூலையிலும் ஒரே சாய்வில் சின்னக் கோடாகியிருந்தால் கை ஆடியிருக்கிறது. எக்ஸிஃபைத் திறந்தால் ஷட்டர் வேகம் குவியத் தூரத்தைவிடக் குறைவாக இருக்கும். 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50, 200 மி.மீ. லென்ஸுக்கு 1/200 என்பது பழைய கணக்கு. ஏபிஎஸ்-சி என்ற சற்றுச் சிறிய சென்சார் உள்ள கேமராவில் அதை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும்; 50 மி.மீ.க்கு 1/80. ஆட்டத்தைத் தாங்கும் வசதி கேமராவிலோ லென்ஸிலோ இருந்தால் இதைவிடக் கீழே போகலாம். மருந்து: ஐஎஸ்ஓவை ஏற்று, சுவரில் சாய்ந்துகொள், அடுத்தடுத்து மூன்று எடு, நடுவில் உள்ளது பெரும்பாலும் தேறும்.

ஆள் அசைவு: சுவரும் தரையும் கத்தி மாதிரி இருக்கும், கை மட்டும் கரைந்திருக்கும். இதற்கு முக்காலி உதவாது, ஆட்டம் தாங்கும் வசதியும் உதவாது. ஷட்டர் வேகம் மட்டுமே உதவும். நடக்கிறவருக்கு 1/250, ஓடும் குழந்தைக்கு 1/500, பறக்கும் பறவைக்கு 1/1000 முதல் 1/2000 வரை என்று தொடங்கச் சொல்லலாம்.

ஃபோகஸ் தப்பியது: இங்கே ஏதோ ஒன்று தெளிவாகத்தான் இருக்கும், அது நாம் விரும்பியதாக இருக்காது. அந்தத் தெளிவான இடத்தைத் தேடிப் பிடித்துக் காட்டுவதுதான் உங்கள் வேலை. 'கண் மங்கல்' என்பதைவிட 'காதோரத்து முடி ஒவ்வொன்றாக எண்ணும்படி இருக்கிறது, கண் இல்லை' என்று சொன்னால் எடுத்தவருக்கு உடனே புரியும். 85 மி.மீ. லென்ஸை எஃப்/1.8-ல் திறந்து, இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் ஆளை முழு ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில் எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் மொத்தமே சுமார் 6 செ.மீ. நடுப் புள்ளியில் கண்ணைப் பிடித்துவிட்டுப் பிறகு கேமராவைத் திருப்பி ஃப்ரேம் அமைக்கும் பழக்கம் இருந்தால், அந்தத் திருப்பத்திலேயே பாதி ஆழம் கரைந்துவிடும். ஃபோகஸ் புள்ளியையே கண் மேல் நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் வசதி இருந்தால் அதை இயக்கச் சொல்லுங்கள்.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரைச்சலை (இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவியது போல் தெரியும் புள்ளிகளை) மென்பொருள் துடைக்கப் போய் தோலின் நுணுக்கமும் சேர்ந்து துடைக்கப்பட்டு பொம்மை முகமாவது ஒன்று. போனில் இரவில் எடுத்த படங்களில் இது அதிகம். எஃப்/22 வரை மூடிவிட்டு 'எல்லாம் தெளிவாக வரும்' என்று நம்புவது இன்னொன்று. சின்ன ஓட்டை வழியாக நுழையும் ஒளி விளிம்பில் வளைவதால் படம் முழுக்கவே லேசாக மிருதுவாகிவிடும். நிலக்காட்சிக்கு எஃப்/8, எஃப்/11 போதும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு பின்குறிப்பு. 1932-ல் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் பாரிஸின் சேன் லாசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எடுத்த, தேங்கிய நீரைத் தாண்டும் மனிதரின் படம் உலகப் புகழ் பெற்றது. தாண்டுகிறவர் அதில் மங்கலாகத்தான் இருக்கிறார். படமும் ஓரத்தில் வெட்டப்பட்டதுதான். அந்த மனிதர் தெளிவாக இருந்திருந்தால் அந்தரத்தில் உறைந்து நின்றிருப்பார். ஆகவே மங்கலைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது படத்துக்கு வேலை செய்கிறதா என்பது. செய்கிறது என்றால் வாயை மூடிக்கொள்ளலாம்.

வெளிச்சம்

படம் இருட்டாகவோ வெளுத்தோ இருந்தால் ஹிஸ்டோகிராமைக் கேளுங்கள்: இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் என்று படத்தின் ஒளியைக் காட்டும் வரைபடம் அது. வலது சுவரில் வரைபடம் முட்டி நின்றால் அங்கே விவரம் போய்விட்டது, எடிட்டில் திரும்ப வராது. அடுத்த முறை ஒரு ஸ்டாப் (அதாவது ஒளியைப் பாதியாக) குறைத்து எடுக்க வேண்டும். முட்டாமல் வெறுமனே இடது பக்கம் குவிந்திருந்தால் எடிட்டில் ஏற்றிக்கொள்ளலாம். இந்த இரண்டையும் ஒரே மாதிரி 'எக்ஸ்போஷர் தப்பு' என்று சொல்வது, விழுந்து உடைந்ததையும் சாய்ந்து கிடப்பதையும் ஒன்றாக்குவது.

காரணம் பெரும்பாலும் ஒளியை அளக்கும் மீட்டர்தான். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். பனிமலையையும் வெள்ளைச் சுவரையும் அழுக்காக்கும், கறுப்பு நாயை வெளுக்கடிக்கும். வெள்ளைக்கு ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை கூட்டு, கறுப்புக்கு ஒன்று குறை. கேட்க நேர்மாறாகத் தோன்றுவதால் இதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். காரணத்தையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் மறந்தும் போவார்கள்.

அளவைவிடத் திசை முக்கியம். நடுப்பகல் வெயிலில் எடுத்த முகத்தில் கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழி இருக்கும், மூக்குக்குக் கீழே மீசை மாதிரி ஒரு நிழல். இதற்கு எந்த செட்டிங்கும் கிடையாது. நிழல் தொடங்கும் கோட்டுக்கு ஓரடி உள்ளே ஆளை நிறுத்தி, திறந்த வானத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பச் சொன்னால் போதும். எக்ஸிஃபில் நேரம் 12:40 என்று இருக்கும்போது "லைட்டிங் சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல் இதைச் சொல்லலாம்.

உள்ளரங்கப் படங்களில் முகத்தின் ஒரு பக்கம் ஆரஞ்சு, மறு பக்கம் நீலம் என்று இருந்தால் அது ஒயிட் பேலன்ஸ் தவறு அல்ல. ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் பல்பு 3000 அருகில் இருக்கிறது, ஜன்னல் 5500-க்கு மேலே இருக்கிறது. இரண்டையும் ஒரே எண்ணால் சரிசெய்ய முடியாது. பல்பை அணைத்துவிட்டு எடுத்திருக்கலாம் என்பதுதான் சரியான கருத்து. படத்தில் கிடைமட்டப் பட்டைகள் ஓடினால் அது விளக்கின் துடிப்பு: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வைத்தால் பட்டை பெரும்பாலும் போய்விடும். புதியவர்கள் இதைப் பார்த்து சென்சார் போய்விட்டது என்று பயந்துவிடுவதால் சட்டென்று சொல்லிவிடுவது புண்ணியம்.

நின்ற இடம்

புதியவர்களின் படங்களில் பாதிக்கு மேற்பட்ட குறைகள் கேமராவுக்குள் இல்லை, காலடியில் இருக்கின்றன என்பது என் அபிப்பிராயம். ஆனால் கருத்து சொல்கிறவர்கள் எண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், ஏனென்றால் எண்களைப் பற்றிப் பேசுவது சுலபம்.

தலையிலிருந்து முளைக்கும் கம்பம் எல்லாருக்கும் தெரிந்தது. அதைவிட மோசமானது கழுத்தை அறுக்கும் கிடைக்கோடு: கடலின் தொடுவானம், மதில் சுவரின் மேல் விளிம்பு, பெஞ்சின் முதுகு. கேமராவைத் தாடை உயரத்திலிருந்து நெஞ்சு உயரத்துக்கு இறக்கினால் அந்தக் கோடு கழுத்திலிருந்து மார்புக்கு இறங்கிவிடும். முழங்காலிட்டால் இடுப்புக்கே இறங்கிவிடும், தலை வானத்தில் தனியாக நிற்கும். கம்பத்துக்குப் பக்கவாட்டில் அரை அடி நகர்ந்தால் போதும். இரண்டு அடி நகர்ந்தால் வேறொரு கம்பம் வந்து சேரும், அதுவும் உண்டு.

போனில் எடுத்த முகப் படங்களில் மூக்கு பெரிதாகவும் காது பின்வாங்கியும் தெரியும். 'வைட் லென்ஸ் முகத்தைக் கெடுக்கும்' என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். சரியான காரணம் தூரம். அரை மீட்டரில் நின்றால் மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையிலுள்ள பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் பெரிய விகிதம். இரண்டு மீட்டரில் நின்றால் அது ஒன்றுமே இல்லை. எனவே ஒன்றரை, இரண்டு மீட்டர் பின்னால் போய் 2 எக்ஸ் ஜூமில் எடுக்கச் சொல்லுங்கள். லென்ஸை மாற்றினாலும் தூரம் மாறாவிட்டால் மூக்கும் மாறாது.

விளிம்புகளைச் சுற்றிக் கண்ணை ஒரு முறை ஓட்டுங்கள், கடிகார முள் மாதிரி. எடுத்தவர் நடுவைத்தான் பார்த்திருப்பார். பாதியில் வெட்டுப்பட்ட பாதம், உள்ளே எட்டிப் பார்க்கும் யாரோ ஒருவரின் முழங்கை, ஓரத்தில் பளீரென்ற வெள்ளைத் துண்டு. சந்தேகம் இருந்தால் அந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்க்கலாம். மறைத்தால் படம் மூச்சு விடுகிறதா? அப்படியென்றால் அதுதான் கருத்து. மறைத்தும் ஒன்றும் மாறவில்லையா, விட்டுவிடுங்கள். உடலை வெட்டுவதானால் மூட்டில் வெட்டக் கூடாது. முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு இவற்றில் வெட்டினால் ஊனமாகத் தெரியும்; தொடையின் நடுவில் வெட்டினால் தெரியாது.

தொடுவானம் ஒரு டிகிரி சாய்ந்திருந்தால் கவனக்குறைவு, பதினைந்து டிகிரி சாய்ந்திருந்தால் வேண்டுமென்றே செய்தது என்று பார்க்கிறவர் எடுத்துக்கொள்வார். நடுவில் மூன்று நான்கு டிகிரியில் நிற்பதுதான் தொல்லை.

ரூல் ஆஃப் தேர்ட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 1797-ல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் நிலக்காட்சியில் வெளிச்சம், இருட்டு, வானம், நிலம் இவற்றை எந்த விகிதத்தில் வைக்கலாம் என்று பேசும்போது அந்தப் பெயரைப் பயன்படுத்தினார். இன்று அது கருத்து சொல்லச் சோம்பல்படுகிறவர்களின் ஊன்றுகோல். நேருக்கு நேர் பார்க்கும் முகம், நீரில் பிரதிபலிக்கும் கட்டடம், நீண்ட நடைபாதை எல்லாம் நடுவில் இருந்தால்தான் அழகு. 'மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள்' என்று சொல்வதற்குப் பதில், 'நாய் வலது பக்கம் பார்க்கிறது, ஆனால் வலது பக்கம் இடமே இல்லை. அது பார்க்கும் திசையில் காலியிடம் விட்டால் என் கண்ணும் அதோடு போகும்' என்று சொல்லுங்கள். விதியின் பெயரே தேவைப்படாது.

ஒரு படத்தைக் கையில் எடுத்தால்

எல்லாருடைய கேலரியிலும் இருக்கும் ஒரு படம்: ஜன்னலோர நாற்காலியில் பாட்டி புத்தகம் படிக்கிறார். வெளிச்சம் இடப் பக்கத்திலிருந்து. எக்ஸிஃப் சொல்வது: முழு ஃப்ரேம் கேமரா, 50 மி.மீ., எஃப்/1.8, 1/60, ஐஎஸ்ஓ 100. எடுத்த தூரம் ஏறக்குறைய ஒரு மீட்டர்.

முதல் பார்வையில் கண் நேராகக் கைக்குப் போகிறது. புத்தகத்தைப் பிடித்திருக்கும் விரல்களின் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிகிறது. அங்கிருந்து முகத்துக்குப் போகிறது, முகம் மங்கல். திரும்பக் கைக்கே வருகிறது. பிறகு வலது ஓரத்தில் ஒரு வெள்ளைக் கீற்று, திரைச்சீலைக்கு நடுவில் தெரியும் வெளிவெளிச்சம். அங்கே போய் மாட்டிக்கொள்கிறது.

கை ஆட்டமா? இல்லை, விரல் தெளிவாக இருக்கிறது, 1/60-ம் போதுமானது. அப்படியானால் ஃபோகஸ். ஒரு மீட்டரில் 50 மி.மீ., எஃப்/1.8 கொடுக்கும் ஆழம் சுமார் 4 செ.மீ. கையோ முகத்துக்கு 25 செ.மீ. முன்னால் இருக்கிறது. சரி, எஃப்/4-க்கு மூடினால்? ஆழம் 10 செ.மீ. சுமார், இன்னும் போதாது. கையும் முகமும் சேர்ந்து தெளிவாக வர எஃப்/11 வேண்டும், அதற்கு ஐஎஸ்ஓ 100-லிருந்து 4000-க்கு ஏற வேண்டும். ஏற்றலாம். ஆனால் பின்னணியில் இருக்கும் அலமாரியும் துணிக்கொடியும் சேர்ந்து தெளிவாகிவிடும். எடுத்தவர் எஃப்/1.8 வைத்ததே அதை மறைக்கத்தான்.

எண்ணை விட்டுவிட்டுக் காலுக்கு வருவோம். பாட்டிக்கு நேர் எதிரே நின்றதால்தான் கை முன்னாலும் முகம் பின்னாலும் விழுந்தது. ஜன்னல் பக்கமாகவே நகர்ந்து பக்கவாட்டுக்கு வந்தால் கையும் முகமும் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். எஃப்/2.8-லேயே இரண்டும் அகப்படும். கூடவே கோணம் மாறுவதால் வலது பக்கத்துக் கீற்றும் ஃப்ரேமை விட்டுப் போய்விடும். ஆனால் இதில் ஒரு விலை உண்டு: கேமரா வெளிச்சத்தின் பக்கமே போய்விடுவதால் முகத்தில் நிழல் குறைந்து, சுருக்கங்களின் அழுத்தம் கொஞ்சம் தட்டையாகும். அதையும் சொல்லிவிட வேண்டும். எதிர்ப் பக்கத்துக்குப் போனால் நிழல் பக்கத்திலிருந்து பார்ப்போம், ஜன்னல் பின்னணியாகும், எக்ஸ்போஷர் முகத்துக்கு வைத்தால் ஜன்னல் எரிந்துபோகும்.

இவ்வளவையும் அப்படியே கொட்டினால் கேட்கிறவர் மிரண்டுவிடுவார். அனுப்ப வேண்டியது இவ்வளவுதான்:

"பாட்டியோட விரல்தான் எனக்கு முதல்ல கண்ணுல பட்டுச்சு. பக்க வெளிச்சத்துல ஒவ்வொரு சுருக்கமும் தெரியுது, அந்த இடம் ரொம்ப நல்லா வந்திருக்கு. அங்கிருந்து முகத்துக்குப் போனா அது மங்கலா இருக்கு, அதனால திரும்பக் கைக்கே வந்துடுறேன். நீங்க காட்ட நினைச்சது கையா, முகமா? கைன்னா, இன்னும் கிட்டப் போய் முகத்தைப் பாதிக்கு மேல வெளியே விட்டுடலாம். முகமும் வேணும்னா, அடுத்த தடவை ஜன்னல் பக்கமா நகர்ந்து பக்கவாட்டுல நின்னு பாருங்க. கையும் முகமும் ஒரே தூரத்துல வந்துடும், அப்பர்ச்சரை ரொம்ப மூட வேண்டியதில்லை. இந்தப் படத்துல இப்பவே செய்யக்கூடியது ஒண்ணு: வலது ஓரத்து வெள்ளைக் கீத்தை வெட்டிடுங்க."

ஒரு பாராட்டு, அதற்குக் காரணம். ஒரு குறை, கண் போன வழியாக. ஒரு கேள்வி. அடுத்த முறைக்கு ஒன்று, இப்போதைக்கு ஒன்று. பின்னணி அலமாரி, லேசான பச்சைச் சாயல், மேலே வெட்டுப்பட்ட தலைமுடி பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவை அடுத்த படத்துக்கு.

சொல்கிற விதம்

மேலே 'கையா, முகமா' என்று கேட்ட அந்தக் கேள்வி மரியாதைக்காகச் சேர்த்ததல்ல. எடுத்தவரின் நோக்கம் தெரியாமல் சொல்லும் கருத்து, அவர் படத்தை நம் படமாக மாற்றச் சொல்லும் உத்தரவு. லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் 1990-ல் வகுத்த ஒரு முறை ஓவியம், எழுத்து என்று பல துறைகளிலும் புழங்குகிறது. நான்கு படிகள்: பார்த்தவர்கள் தங்களைத் தொட்டது எது என்று சொல்வார்கள், படைத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்பார், பார்த்தவர்கள் உள்ளே அபிப்பிராயம் ஒளிக்காத கேள்விகளைக் கேட்பார்கள், கடைசியில் அனுமதி கேட்டு அபிப்பிராயம் சொல்வார்கள். மூன்றாம் படிதான் கஷ்டம். "ஏன் இவ்வளவு இருட்டா எடுத்தீங்க?" கேள்வி மாதிரி இருக்கும் வசவு. "எவ்வளவு இருட்டா இருக்கணும்னு நினைச்சீங்க?" கேள்வி. படம் பார்க்கும் இருவருக்கு நான்கு படியும் வேண்டாம், நாலாவதில் இருக்கும் அனுமதி போதும்: "பின்னணி பத்தி ஒண்ணு தோணுது, சொல்லவா?" வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. சிலர் பாராட்டு கேட்கத்தான் வந்திருப்பார்கள், அதில் தப்பேதும் இல்லை.

பாராட்டு, குறை, மறுபடி பாராட்டு என்று அடுக்கும் முறையைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். இரண்டு முறை அனுபவித்தவர் மூன்றாம் முறை முதல் பாராட்டைக் கேட்டதுமே 'ஆனால்' எங்கே என்று காத்திருப்பார். பாராட்டுக்கு மதிப்பு போய்விடும். நல்லது இருந்தால் ஏன் நல்லது என்று காரணத்தோடு சொல்லுங்கள். தற்செயலாகச் சரியாக வந்ததை அடுத்த முறை தெரிந்தே செய்ய அந்தக் காரணம்தான் வேண்டும். 'நல்ல வெளிச்சம்' என்பதைவிட 'வெளிச்சம் பக்கவாட்டில் வந்ததால் விரல் உருண்டையாகத் தெரிகிறது' என்பது குறை சொல்வதைவிட அதிகம் கற்றுக்கொடுக்கும்.

குறை இரண்டுக்கு மேல் வேண்டாம். எதை விடுவது? எடிட்டில் ஒரு நிமிடத்தில் சரியாகக்கூடியது கடைசி. நின்ற இடம், வெளிச்சத்தின் திசை, தருணம் இவை முதலில். சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) ஏற்றிச் சிவப்புப் பூவின் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே சிவப்புத் திட்டானது, எச்டிஆர் (இருட்டையும் வெளிச்சத்தையும் சேர்த்துக் காட்டும் வசதி) போட்டு மலையின் விளிம்பில் வெள்ளை ஒளிவட்டம் கட்டியது, ஷார்ப்னெஸைக் கூட்டிக் கிளைகளுக்கு இரட்டைக் கோடு வந்தது இவையெல்லாம் கண்ணைக் குத்தும்தான். மூன்றுக்கும் ஒரே மருந்து: ஸ்லைடரைப் பாதிக்குக் குறைத்துவிட்டு, ஒரு இரவு கழித்துத் திரும்பப் பார்க்கச் சொல்லலாம். அதற்கு மேல் பேச அதில் ஒன்றுமில்லை.

க்ராப் செய்து பார்க்கச் சொன்னால் எவ்வளவு மிஞ்சும் என்றும் சொல்லுங்கள். 6000-க்கு 4000 பிக்சல் படத்தில் அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால் மிஞ்சுவது 6 மெகாபிக்சல். திரைக்குத் தாராளம், அச்சில் அங்குலத்துக்கு 300 புள்ளிக் கணக்கில் 10 அங்குல அகலத்துக்கு வரும். தூரத்துப் பறவையை அதற்கும் மேல் வெட்டிப் பெரிதாக்கியிருந்தால் இரைச்சலைப் பற்றிப் பேசாமல், பறவைக்குக் கிட்டப் போவதைப் பற்றிப் பேசுங்கள்.

படத்தில் இருப்பவரின் தோற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். நிறம், பருமன், பல், உடை எதுவும். அது எடுத்தவரின் மனைவியாகவோ அம்மாவாகவோ இருக்கலாம். நீங்கள் அவர்களுடைய படத்தின் வெளிச்சத்தைப் பார்க்க அழைக்கப்பட்டவர்.

'நானாக இருந்தால்' என்று தொடங்கும் வாக்கியத்தையும் சந்தேகப்பட வேண்டும். சில சமயம் அது பணிவு. பல சமயம் அந்த இடத்தில் நிற்காத ஒருவரின் வீரம். அவர் பின்னால் நகர முடியாமல் சுவர் இருந்திருக்கலாம். மூன்று நொடிதான் கிடைத்திருக்கலாம். "அதே நேரத்துல எடுத்த மத்த படங்களும் இருக்கா?" என்று கேட்டால் இது தெரிந்துவிடும். ஃபிலிம் காலத்தில் ஒரு சுருளின் எல்லாப் படங்களையும் ஒரே தாளில் அச்சிட்டுத்தான் பத்திரிகை ஆசிரியர்கள் தேர்வு செய்தார்கள். முன்னும் பின்னும் எடுத்த ஆறேழு படங்களை வரிசையாகப் பார்க்கும்போது, அவர் எதைத் துரத்தினார், எப்போது நிறுத்தினார் என்பது தெரியும். பாதி நேரம் இன்னும் நல்ல படம் அந்த வரிசையிலேயே இருக்கும், கண் லேசாக மூடியிருக்கிறது என்று அவர் ஒதுக்கியதாக. அப்போது சொல்ல வேண்டியது "நாலாவது படத்தைத் திரும்பப் பாருங்க" என்பது மட்டும்தான்.